ராத்திரி 8 மணி ஆனால் இன்டர்நெட் 'கட்'! அடுக்குமாடி வீட்டில் 3 மாத மர்மம்: எதிர் வீட்டுக்காரர் மீது சந்தேகம், உண்மைக் குற்றவாளி யார்?

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடம். 4 மாடி. 16 குடித்தனம். அதில் 2-வது மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை 3 மாதமாக ஒரு 'திருடன்' ஆட்டி வைத்தான்.

அவன் பீரோவை உடைக்கவில்லை. நகையைத் தொடவில்லை. தினமும் ராத்திரி 8 மணி சுமாருக்கு வருவான். ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்நெட்டை 'லபக்' என்று விழுங்குவான். 2 நிமிஷம், 3 நிமிஷம். பிறகு ஆள் இருந்த சுவடே தெரியாது.

இதனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலையே போகும் நிலை வந்தது. எதிர் வீட்டுக்காரரோடு தகராறு முற்றி, போலீசுக்குக் கொடுக்க எழுதிய புகார் மனு கையெழுத்துடன் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

2024-ம் ஆண்டு கோடையில் நடந்த இந்தச் சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:–

2 தடவை எச்சரிக்கை

குடும்பத் தலைவர் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு வயது 24. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. மாலை 6-30 மணிக்கு உட்கார்ந்தால் அதிகாலை 3-30 வரை. ஆபீசுக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே வேலை.

பென்ஷனில் வீட்டு வாடகை கட்டலாம். தம்பியின் காலேஜ் பீஸ் இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான்.

பேசிக் கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தால் அது அந்தப் பெண்ணின் கணக்கில் குற்றமாக ஏறும். எதிர்முனையில் இருப்பவருக்கு மாம்பலமும் தெரியாது, வைபையும் தெரியாது. 'போனை வைத்து விட்டாள்' என்றுதான் எழுதுவார். இப்படி எழுதி எழுதி 2 எச்சரிக்கைக் கடிதம் வந்து விட்டது. 3-வது வந்தால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

"சிவப்பு லைட் எரியலையே சார்!"

கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனிக்குப் புகார் போனது. லைன்மேன் 4 தடவை வந்தார். வயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார். 100 'எம்.பி.' பிளானுக்கு 100 சொட்டுக் குறையாமல் வந்தது. ஒரு தடவை பெட்டியையே மாற்றிக் கொடுத்தார். அன்று ராத்திரியும் 8-10-க்கு 'கட்'!

"சிவப்பு லைட் எரியலை பாருங்க சார். பைபர் கேபிள்ல ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள்ளே காத்துல என்ன நடக்குதுன்னு நாங்க எப்படி சார் பார்க்கறது?" என்று கையை விரித்தார்.

அவர் சொன்னது உண்மை. தெருவில் இருந்து வீட்டுக்குள் வருவது வேறு. வீட்டுக்குள் பெட்டியில் இருந்து போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் காற்றில் போவது வேறு. முதலாவது பழுதானால் கம்பெனி பொறுப்பு. இரண்டாவதுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. கம்பெனிக்குப் போன் செய்து திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

'சி.பி.ஐ. ஜீப்'

சந்தேகம் எதிர் வீட்டு இளைஞர் மேல் விழுந்தது. காரணம் இருந்தது. அவர் பிப்ரவரியில்தான் புது ரூட்டர் வாங்கினார். அதற்கு 6 கொம்பு! இந்த வீட்டில் தொல்லை ஆரம்பித்ததும் பிப்ரவரியில்தான். போதாக்குறைக்கு அவர் தன் வைபைக்கு வைத்திருந்த பெயர் 'சி.பி.ஐ. ஜீப்'. போனில் முதன் முதலாக அந்தப் பெயரைப் பார்த்த பெரியவர், ஜன்னலைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தாராம்.

மே மாதம் ஒரு நாள் மாடிப்படியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதிக் கொண்டார்கள்.

"ராத்திரி 8 மணிக்கு மேல உங்க மெஷினை அணைச்சு வைங்க தம்பி. எங்க பொண்ணு வேலை போயிடும் போல இருக்கு."

"நான் பணம் கட்டி வாங்கி வெச்சிருக்கேன். எதுக்கு சார் அணைக்கணும்? எனக்கும்தான் 9 மணிக்கு மேல படம் சுத்திக்கிட்டே நிக்குது. உங்களாலதானோன்னு நானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

குரல் உயர்ந்தது. சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் ஓடி வந்து விலக்கி விட்டார்கள். அன்று ராத்திரி எழுதியதுதான் அந்தப் புகார் மனு.

துப்புக் கொடுத்த நோட்டுப் புத்தகம்

மனுவைக் கொடுக்காமல் தடுத்தது பெரியவரின் ஆபீஸ் பழக்கம். மனு என்றால் ஆதாரம் வேண்டும். மகள் லைன் அறுந்தவுடன் நேரத்தைச் சொல்வாள். இவர் நோட்டில் குறித்துக் கொள்வார். 3 வாரம் விடாமல் எழுதினார்.

எழுதியதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் வந்தவன் ஒரு ஆள் அல்ல, இரண்டு ஆள் என்று தெரிந்தது.

ஒன்று, ராத்திரி 8-ல் இருந்து 11 வரை எல்லாமே நத்தை மாதிரி ஊர்வது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இந்த ஊர்வது பகல் 11 மணிக்கே ஆரம்பித்து விட்டது. பெட்டியை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி!

இன்னொன்று, திடீரென்று முழுசாக 'கட்' ஆவது. அது 8-10 சுமாருக்கு ஒரு தடவை, 8-45 சுமாருக்கு ஒரு தடவை. ஒவ்வொன்றும் 2, 3 நிமிஷம்தான்.

ஒரே ஒரு ராத்திரி மட்டும் நோட்டில் 'கட் இல்லை' என்று இருந்தது. அன்று முகூர்த்த நாள். பெண்ணைத் தவிர எல்லாரும் ரிசப்ஷனுக்குப் போய் அங்கேயே சாப்பிட்டு விட்டு வந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் அன்று வீட்டில்தான் இருந்தார். 6 கொம்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, அவர் மேல் குற்றம் நிற்கவில்லை. வேறு யார்?

ஒரு டம்ளர் தண்ணீர்

தெரிந்தவர் மூலமாக ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். நோட்டை வாங்கி ஒரு தடவை புரட்டினார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி எத்தனை மணிக்கு சாப்பிடுவீங்க?"

பெரியவருக்கு 8-10-க்கு. டியூஷன் முடிந்து வரும் பையனுக்கு 8-45-க்கு.

மெக்கானிக் நேராகச் சமையல் அறைக்குப் போனார். அங்கே மேடையில் மைக்ரோவேவ் அடுப்பு. அதன் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சுவரில் ரூட்டர்! பைபர் கேபிள் சமையல் அறை ஜன்னல் வழியாக வந்ததால், வந்த இடத்திலேயே ஆணி அடித்து மாட்டி விட்டுப் போயிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு சோதனையை ஓட விட்டார். அது ரூட்டரைப் பார்த்து விடாமல் "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ரூட்டர் "இருக்கேன்" என்று பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பது திரையில் ஓடும். பதில் டக் டக்கென்று வந்து கொண்டிருந்தது.

"ஒரு டம்ளர் தண்ணி வெச்சு அடுப்பைப் போடுங்கம்மா."

அடுப்பு ஓடியது. பதில் தடுமாறியது. பிறகு பதிலே இல்லை. 'டிங்' என்று மணி அடித்து அடுப்பு நின்றது. ஒரு நொடியில் பதில் பழையபடி வந்தது!

"ஐயோ, 3 மாசமா நானா அவ வேலைக்கு உலை வெச்சேன்?" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார். முந்தின தீபாவளிக்கு மகள் வாங்கிக் கொடுத்த அடுப்பு அது.

அப்படியானால் தீபாவளியில் இருந்தே ஏன் 'கட்' ஆகவில்லை? பெண்ணுக்கு ராத்திரி வேலை கிடைத்ததே பிப்ரவரியில்தான். அதற்கு முன்பும் 'கட்' ஆகியிருக்கும். கவனிக்க ஆள் இல்லை. ராத்திரி 11 மணிக்குப் பெண்ணின் சாப்பாட்டைச் சூடு செய்யும்போதும் ஆகியிருக்கும். அப்போது அவள் போனில் இல்லை!

அடுப்புக்கும் வைபைக்கும் என்ன உறவு?

உறவு நெருக்கமானது. மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டைச் சூடாக்குவது சுமார் 2450 மெகா ஹெர்ட்ஸ் ரேடியோ அலையால். சாதாரண வைபை ஓடுவது 2400 முதல் 2483.5 மெகா ஹெர்ட்சுக்குள். அதாவது ஒரே தெரு.

அடுப்பின் சக்தி 700, 800 வாட். ரூட்டர் காற்றில் விடுவது 1 வாட்டில் 10-ல் ஒரு பங்கு அளவுதான். அடுப்பின் கதவு இடுக்கில் துளி கசிந்தாலும் பக்கத்தில் இருக்கும் ரூட்டருக்கு அது காதில் சங்கு ஊதுவது போல.

பயப்பட வேண்டாம். கதவு ஒழுங்காக மூடும் அடுப்பில் கசிவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. 5 சென்டி மீட்டர் தூரத்தில் சதுர சென்டி மீட்டருக்கு 5 மில்லி வாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்று தர விதிகளே இருக்கின்றன. அது மனுஷனுக்குச் சின்ன அளவு. வைபைக்குப் பெரிய அளவு.

அடுப்பு ஓடும்போது மட்டுமே இந்த இடைஞ்சல். ஊர்ந்து போகும் தொல்லைக்குக் காரணம் வேறு. அங்கேதான் 16 வீட்டுக்காரர்களும் மாட்டிக் கொண்டார்கள்.

கூழ் ஊற்றும் விழாவும் கட்சிக் கூட்டமும்

மெக்கானிக் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மலை மலையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவும் ஒரு வீட்டு வைபை. அந்த ஒரு அறையில் நின்றால் 27 வைபை தெரிந்தது!

இந்தியாவில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வைபைக்கு 1 முதல் 13 வரை சேனல் நம்பர் உண்டு. 13 ரோடு இருப்பதாக நினைக்கத் தோன்றும். அதுதான் ஏமாற்று. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகா ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு ரூட்டர் அடைத்துக் கொள்ளும் அகலம் 20. ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஓட வேண்டுமானால் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான்.

பழைய வானொலி ரசிகர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ராத்திரி சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடினால் பக்கத்து நிலையத்தின் சீனப் பேச்சு மேலே ஏறிக் கேட்குமே, அதே கதைதான்.

இரண்டு ரூட்டர் ஒரே சேனலில் இருந்தால் கெடுதல் குறைவு. ஒன்று பேசும்போது மற்றது கேட்டுப் புரிந்து கொண்டு, தன் முறை வரும் வரை நிற்கும். ரேஷன் கடை கியூ மாதிரி. நேரம் ஆகும், சண்டை இல்லை.

ஒருவர் 6-லும் பக்கத்து வீட்டுக்காரர் 8-லும் இருந்தால்தான் ஆபத்து. ஆடி மாதம் ஒரு தெருவில் அம்மன் கோவில் கூழ் ஊற்றும் விழா, அடுத்த தெருவில் கட்சிக் கூட்டம், இரண்டிலும் ஸ்பீக்கர் போட்டது போல ஆகி விடும். யாருக்கும் யார் பேச்சும் புரியாது. இரைச்சல்தான்.

இந்தக் கட்டிடத்தில் அதுதான் நடந்திருந்தது. இன்டர்நெட் மெதுவாகப் போகிறதே என்று 'காலியாக' இருக்கும் நம்பரைத் தேடி ஒருவர் 3-க்குப் போனார். இன்னொருவர் 4. மேல் மாடியில் ஒருவர் 9. தப்பித்து விட்டதாக நினைத்து இரண்டு பக்கத்துக் கியூவையும் கலைத்து விட்டார்கள். சிலர் வேகம் கூடும் என்று அகலத்தை 20-ல் இருந்து 40 ஆக்கி வைத்திருந்தார்கள். இருப்பதே 83.5. அதில் 40-ஐ ஒருவரே மடக்கிக் கொண்டால் மற்றவர் எங்கே போவது?

வீட்டுக்குள்ளேயே இன்னொரு எதிரி

இந்தக் குடும்பமும் யோக்கியம் இல்லை! பின் அறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்று கடையில் சொன்னதைக் கேட்டு ஒரு 'எக்ஸ்டெண்டர்' வாங்கி ஹாலில் சொருகி இருந்தார்கள். அது முதல் பெட்டி சொல்வதை அதே சேனலில் திருப்பிச் சொல்லும் ரகம். ஒரே பேச்சு காற்றில் இரண்டு தடவை. இருக்கும் வேகத்தில் பாதி அதிலேயே போய் விடும். போனில் மட்டும் சிக்னல் கோடு 4-ம் நிறைந்து காட்டும். கோடு நிறைந்தால் வேகம் என்று அர்த்தம் இல்லை.

அந்த எக்ஸ்டெண்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேறு ஒளித்து வைத்திருந்தார்கள். இரும்பைத் தாண்டி இந்த அலை போகாது. கம்ப்யூட்டர் பக்கத்தில் சொருகும் யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் கூட 2.4-ல் இரைச்சல் போடும் என்று 2012-லேயே இன்டெல் கம்பெனி சோதித்து அறிக்கை கொடுத்திருக்கிறது. மெக்கானிக் மேஜையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு முழம் தள்ளி வைத்தார்.

என்ன செய்தார்?

முதலில் ரூட்டரைச் சமையல் அறையில் இருந்து கழற்றி, ஹாலில் பீரோவுக்கு எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினார். எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிப் போட்டார். 2.4-ஐ சேனல் 1-ல் வைத்து, அகலத்தை 20 ஆக்கினார். அடுப்பின் இரைச்சல் மேல் நம்பர்களில்தான் அதிகம். 1 பெரும்பாலும் தப்பிக்கும்.

டி.வி.யையும் போன்களையும் 5 கிகா ஹெர்ட்சுக்கு மாற்றினார். (5ஜி போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அங்கே இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 605 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தை லைசென்ஸ் இல்லாமல் திறந்து விட்டது. மைக்ரோவேவ் தொல்லையும் இல்லை. ஒரே குறை, சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்து விடும். அடுக்குமாடியில் அதுவும் நல்லதுதான். பக்கத்து வீட்டுச் சத்தம் இங்கே வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 15 மீட்டர் கேபிள் வாங்கி, சுவர் ஓரமாக ஆணி அடித்து, பெண்ணின் மேஜை வரை இழுத்து விட்டார். சில நூறு ரூபாய் செலவு. வேலைக்கான கம்ப்யூட்டர் வயரில். மற்றதெல்லாம் காற்றில். "சோறு போடற மெஷினை காத்துல விடாதீங்க சார்" என்றார்.

போலீசில் கொடுத்திருந்தால்?

ஒன்றும் ஆகியிருக்காது. 2.4 கிகா ஹெர்ட்சுக்கு 2005 ஜனவரியில் வந்த விதிப்படி யாரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அளவுக்கு மேல் சக்தி கூடாது. கூடவே ஒரு நிபந்தனை: எல்லாரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும், இடைஞ்சலில் இருந்து பாதுகாப்புக் கேட்கும் உரிமை இல்லை. புறம்போக்குத் திடலில் விளையாடுகிற மாதிரி. பக்கத்துப் பையன் பந்து நம் ஆட்டத்தில் வந்து விழுந்தால் கேஸ் போட முடியாது.

கோபத்தில் சிலர் சிக்னலை முடக்கும் 'ஜாமர்' வாங்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள். அதுதான் குற்றம். மத்திய அரசு குறிப்பாக அனுமதித்தவர்கள் தவிர யாரும் ஜாமர் வைத்திருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் எச்சரிக்கை வந்தது. செல்போன் சிக்னலை இழுத்துக் கொடுக்கும் 'பூஸ்டர்'களைத் தனி ஆட்கள் வைப்பதும் சட்ட விரோதம் என்று அதிலேயே உள்ளது. வைபை எக்ஸ்டெண்டர் வேறு. அதற்குத் தடை இல்லை.

வெளிநாட்டிலும் இதே கூத்து

அந்த அம்மாள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் அகல ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 1998 முதல் அதில் புரியாத சிக்னல் சில விழுந்து கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். 2015-ல் குட்டு வெளிப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்திலேயே யாரோ அவசரப்பட்டு, நேரம் முடியும் முன்பே மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததால் வந்தது அது!

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு கிராமம். 18 மாதம், தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் படுத்து விடும். கேபிளை மாற்றியும் தீரவில்லை. 2020-ல் என்ஜினீயர்கள் விடியற்காலையில் மழையில் கருவியோடு தெருத் தெருவாக நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கே 7 மணிக்குப் போடும் பழைய டி.வி. பெட்டி விட்ட மின்சார இரைச்சல்தான் ஊர் லைனைக் கெடுத்தது. அது வைபை இல்லை, வயரில் வந்த கேடு. ஆனாலும் துப்பு ஒன்றுதான்: கடிகாரம்.

மொட்டை மாடிக் கூட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் குடியிருப்போர் கூட்டம். தண்ணீர் மோட்டார், கார் நிறுத்தும் இடம் எல்லாம் பேசி முடித்த பிறகு பெரியவர் எழுந்தார். முதல் மாடி 1, இரண்டாவது மாடியில் கிழக்குப் பக்கம் 1, மேற்குப் பக்கம் 11, மேல் மாடிகளில் மாற்றி மாற்றி என்று தாளில் எழுதிக் கொண்டு வந்ததைப் படித்தார். ஒரே நம்பர் இரண்டு வீட்டுக்கு வரத்தான் செய்யும்; கியூவில் நின்று கொள்ளலாம் என்றும் சொன்னார்.

எல்லாரும் கேட்டு விடவில்லை. இரண்டு பேர் "என் வீட்டுப் பெட்டியில் கை வைக்க விட மாட்டேன்" என்று எழுந்து போனார்கள். மூன்று வீட்டில் ரூட்டரின் பாஸ்வேர்டே யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி ஆள் வர வேண்டும் என்று ஆயிற்று. 11 வீடு மாறியது. ராத்திரி ஊர்வது ஓரளவு குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. கிரிக்கெட் மேட்ச் அன்று இன்னமும் திணறத்தான் செய்கிறது.

பெண்ணின் போன் அதன் பிறகு அறுபடவில்லை. 3-வது கடிதம் வரவில்லை. புகார் மனுவைப் பெரியவர் கிழித்துப் போட்டு விட்டு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. எங்க வீட்டு அடுப்புதான்."

"பரவாயில்லை சார். நானும் 8-ல வெச்சிருந்தேன். உங்களுக்கும் கொஞ்சம் இடைஞ்சல் கொடுத்திருப்பேன்" என்றார் இளைஞர்.

அவருடைய 6 கொம்பு இப்போது 11-ல் ஓடுகிறது. 'சி.பி.ஐ. ஜீப்' என்ற பெயரை மட்டும் மாற்றச் சம்மதிக்கவில்லை.